கட்டணப் பட்டியலின் முதல் வரி

விமான டிக்கெட் தேடும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது ஒரு பட்டியல். குறைந்த கட்டணம் மேலே, கூடுதல் கட்டணம் கீழே என்று அது அடுக்கப்பட்டிருக்கும். மேலே இருப்பதுதான் லாபம் என்று கண் முடிவுசெய்துவிடுகிறது; விரலும் முதல் வரியைத் தொட்டுவிடுகிறது. அந்த முதல் வரியின் மீது எனக்கு நெடுநாளாகவே ஒரு மனத்தாங்கல் உண்டு. அதில் எழுதியிருப்பது ஓர் ஆளையும் ஒரு சிறு கைப்பையையும் மட்டும் ஏற்றிச் செல்வதற்கான கட்டணம். இரண்டாவது வரியில் ஆளோடு 23 கிலோ பெட்டியும் சேர்ந்திருக்கலாம். ஐந்தாவது வரியில் பெட்டியோடு, விரும்பிய இருக்கையும், தேதியை மாற்றிக்கொள்ளும் உரிமையும் சேர்ந்திருக்கலாம். உள்ளடக்கம் வெவ்வேறாக இருக்கும்போது விலைகளை மட்டும் வரிசைப்படுத்திக் காட்டினால் அது ஒப்பீடு ஆகாது. ஆனாலும் வீட்டில் யாருக்காவது டிக்கெட் எடுக்கவேண்டி வந்தால், ‘எது குறைச்சலோ அதைப் போட்டுவிடு’ என்ற ஒரே வாக்கியத்தில் விஷயம் முடிந்துவிடுகிறது.

முதல் வரிக்கான போட்டி இன்று தொடங்கியது அல்ல. பயண முகவர்கள் கணினித் திரையைப் பார்த்து டிக்கெட் போட்ட காலத்திலேயே, முதல் திரையில் தெரிந்த விமானங்களே பெரும்பாலும் விற்றன. அந்த முன்பதிவுக் கணினிகளை நடத்தியவை விமான நிறுவனங்களே என்பதால், தங்கள் விமானங்களை மேலே வரும்படி அவை அமைத்துக்கொண்டன. இது நியாயமில்லை என்று மற்ற நிறுவனங்கள் முறையிட்டதால், 1984இல் அமெரிக்க அரசு அந்த வரிசை முறைக்கே விதி வகுக்க வேண்டியதாயிற்று. இன்று அந்த வழியில் மேலே வர முடியாது. கட்டணத்தைக் குறைத்துத்தான் வர முடியும். கட்டணத்தைக் குறைக்க எளிய வழி, அதற்குள் இருந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துத் தனி விலை போடுவது. பெட்டி வெளியே வந்தது. பிறகு இருக்கைத் தேர்வு வந்தது. சில நிறுவனங்களில் தலைக்கு மேலுள்ள பெட்டியில் பை வைக்கும் உரிமையும் வெளியே வந்துவிட்டது.

அதற்கு முந்தைய காலம் இதற்கு நேர் எதிர். கட்டணங்களை அரசுகளும், சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் உடன்படிக்கைகளும் தீர்மானித்தபோது, விலையில் போட்டியிட வழியில்லாமல் நிறுவனங்கள் உபசரிப்பில் போட்டியிட்டன. 1958இல் அட்லாண்டிக் கடக்கும் மலிவு வகுப்பில் சாண்ட்விச் மட்டுமே தரலாம் என்று ஒப்புக்கொண்ட நிறுவனங்களுக்குள், சாண்ட்விச் என்றால் என்ன, அதன் மேல் எவ்வளவு அடுக்கலாம் என்று பெரிய சச்சரவே நடந்தது. அமெரிக்காவில் 1978இல் கட்டணக் கட்டுப்பாடு சட்டப்படி நீக்கப்பட்டது. டிக்கெட் விலை காலப்போக்கில் இறங்கியது. விமானத்தையே பார்த்திராதவர்களும் ஏறத் தொடங்கினார்கள். இந்த மாற்றத்தை நான் குறை சொல்ல வரவில்லை. எல்லாம் அடங்கிய அந்தப் பழைய டிக்கெட், பெரும்பாலானோர் வாங்கவே முடியாத டிக்கெட்டாக இருந்தது. ஆனால் விலை மட்டுமே கண்ணுக்குத் தெரியும் சந்தையில் மற்றவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தேய்கின்றன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதற்கு ஒரு சான்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2000ஆம் ஆண்டு செய்த முயற்சி. எகானமி வகுப்பு முழுவதிலும் வரிசைகளுக்கு இடையிலான தூரத்தைக் கூட்டுவதற்காக, அது தன் விமானங்களிலிருந்து ஆயிரக்கணக்கான இருக்கைகளைக் கழற்றி எடுத்தது. கூடுதல் இடத்துக்காகப் பயணிகள் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பார்கள் என்பது அதன் எதிர்பார்ப்பு. அவர்கள் கொடுக்கவில்லை, சில ஆண்டுகளுக்குள் இருக்கைகள் திரும்ப வந்துவிட்டன. பயணிகளுக்கு வசதியில் அக்கறையில்லை என்று இதிலிருந்து முடிவுகட்டுபவர்கள் உண்டு. நான் அப்படி எண்ணவில்லை. முகவர் பார்த்த பட்டியலில் அந்தக் கூடுதல் அங்குலங்கள் ஒரு எண்ணாகத் தெரியவில்லை, டாலர் தெரிந்தது. கண்ணில் படாத ஒன்றுக்கு யார் காசு கொடுப்பார்கள்?

பெட்டியும் பையும்

கட்டணங்களில் எனக்கு மிகக் குறைந்த மனக்குறை உள்ளது, சரக்கு அறைக்குப் போகும் பெட்டிக்கான கட்டணத்தின் மீதுதான். எடைக்கு எரிபொருள் செலவாகிறது. பெட்டியைத் தூக்க, ஏற்ற, இறக்க, தொலைந்தால் தேட ஆட்கள் வேண்டும். பெட்டி இல்லாமல் போகிறவர், பெட்டியோடு போகிறவரின் செலவைச் சுமக்க வேண்டியதில்லை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். எண்ணெய் விலை உச்சத்துக்குப் போன 2008இல் அமெரிக்காவின் பெரிய நிறுவனங்களில் முதலாவதாக அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முதல் பெட்டிக்கே 15 டாலர் வாங்கத் தொடங்கியபோது பெரும் முணுமுணுப்பு எழுந்தது. எண்ணெய் விலை இறங்கிய பிறகும் கட்டணம் இறங்கவில்லை. இரண்டு பெட்டிகளை இலவசமாக ஏற்றுவதையே தன் அடையாளமாக வைத்திருந்த சவுத்வெஸ்ட் நிறுவனமும் 2025 மே மாதத்தில் அதைக் கைவிட்டது.

ஒப்பிடும்போது பலர் பார்க்கத் தவறுவது, பெட்டியை அளக்கும் முறையே இரண்டு வகை என்பதை. ஒரு முறையில் மொத்த எடைக்குத்தான் கணக்கு. 30 கிலோ என்றால் அதை இரண்டு பெட்டிகளாகவும் பிரித்துக்கொள்ளலாம். இன்னொரு முறையில் எண்ணிக்கைக்குக் கணக்கு. ஒரு பெட்டி, அது 23 கிலோவுக்குள், நீளம் அகலம் உயரம் மூன்றும் சேர்ந்து 158 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பது பரவலான வரையறை. முதல் முறையில் பழகியவர் 28 கிலோவில் ஒரே பெட்டி கட்டிக்கொண்டு இரண்டாவது முறைக்குப் போனால், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்குள் இருந்தும் மிகை எடைக்குப் பணம் கட்ட நேரும். எந்த முறையிலும் தனிப் பெட்டி ஒன்று 32 கிலோவைத் தாண்டினால் பொதுவாக ஏற்கமாட்டார்கள். அது தூக்குகிற தொழிலாளியின் முதுகைக் காக்கும் வரம்பு. அதில் யாரும் வாதாடக் கூடாது.

கேபினுக்குள் கொண்டுபோகும் பையின் கதை வேறு. இங்கே சுதந்திரம் சென்டிமீட்டர் சென்டிமீட்டராகக் குறைந்திருக்கிறது. சக்கரப் பெட்டி ஒன்றைத் தலைக்கு மேல் வைத்துக்கொள்ளலாம் என்பது முன்பு யாரும் கேள்வி கேட்காத வழக்கம். இப்போது பல சிக்கன நிறுவனங்களில் அடிப்படைக் கட்டணத்தில் அனுமதி உள்ளது, முன் இருக்கையின் அடியில் நுழையக்கூடிய ஒரு சிறு பைக்கு மட்டுமே. 40, 30, 20 சென்டிமீட்டர் என்பது இன்று அடிக்கடி காணப்படும் அளவு. அதில் பட்டையும் சக்கரமும் கைப்பிடியும் சேரும். நுழைவாயிலருகே நிறுத்தியிருக்கும் உலோகச் சட்டத்துக்குள் பையை இறக்கிக்காட்டச் சொல்வார்கள். ஒரு முறை என் முன்னால் நின்ற பெண்ணின் பை முக்கால் பங்கு உள்ளே போய்ச் சக்கரத்தில் தட்டி நின்றுவிட்டது. வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தரையில் மண்டியிட்டு உள்ளே இருந்த துணிகளை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டு மீண்டும் அழுத்தினார். சக்கரம் துணியால் ஆனது அல்லவே, பை இறங்கவில்லை. அவர் கட்டிய தொகை, டிக்கெட் எடுக்கும்போதே கட்டியிருந்தால் ஆகியிருக்கக் கூடியதைவிட மிக அதிகம். பெட்டிக் கட்டணத்தின் அமைப்பே அப்படித்தான்: முன்பதிவின்போது குறைவு, செக்-இன் மேசையில் அதிகம், விமான வாசலில் மிக அதிகம். பையைச் சுமந்துசெல்லும் செலவு இந்த மூன்று இடங்களில் அவ்வளவு தூரம் மாறுபட வழியில்லை. வாசலில் வாங்கப்படுவதில் பெரும்பகுதி அபராதம் என்றே நான் கருதுகிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014இல் தந்த தீர்ப்பு ஒன்று எனக்கு மிகவும் பொருத்தமாகப் படுகிறது. சரக்கு அறைக்குப் போகும் பெட்டி விருப்பச் சேவை, அதற்குத் தனியே விலை வைக்கலாம். ஆனால் நியாயமான அளவும் எடையும் கொண்ட கைப்பை பயணத்தின் இன்றியமையாத பகுதி, அதற்குக் கூடுதல் கட்டணம் கூடாது என்று அது சொன்னது. ‘நியாயமான அளவு’ எது என்பதில்தான் இன்றுவரை இழுபறி.

பையைப் பற்றி இன்னும் ஒன்று. கடைசி நிமிடத்தில் கைப்பையை வாங்கிச் சரக்கு அறைக்கு அனுப்பும்போது, அதில் பவர் பேங்க் இருந்தால் வெளியே எடுத்துவிட வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் கேபினில் அணைக்க ஆள் உண்டு, சரக்கு அறையில் இல்லை என்பதால் உதிரிப் பேட்டரிகள் அங்கே போகக் கூடாது என்பது உலகெங்கும் உள்ள விதி. வாசலில் நடக்கும் அவசரத்தில் இதை மறப்பது எளிது.

அப்பாவின் முழங்கால்

இருக்கைக்கு வருகிறேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான்.

ஒரு நீண்ட பயணத்துக்கு அப்பாவுக்கு டிக்கெட் எடுக்க உட்கார்ந்தேன். அவர் நல்ல உயரம். வலது முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனவர். காலை வெகுநேரம் மடக்கி வைத்திருந்தால் எழும்போது வலிக்கும். பட்டியலைப் பார்த்த அவரும் எல்லோரும் சொல்வதையே சொன்னார். “முழங்கால் இடிச்சா நான் சமாளிச்சுக்கிறேன். நீ விலையைப் பாரு.” விலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு விமானத்தின் விவரத்தில் 28 அங்குலம் என்றும் இன்னொன்றில் 31 அங்குலம் என்றும் போட்டிருந்தது கண்ணில் பட்டது. மூன்று அங்குலம் என்றால் எவ்வளவு என்பது தலைக்குள் உருவாகவே இல்லை. எழுந்துபோய் அளவுநாடாவை எடுத்துவந்தேன்.

“அப்பா, சுவத்தோட முதுகு ஒட்டுற மாதிரி நேரா உட்காருங்க.” அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சுவரிலிருந்து முழங்கால் சில்லின் முனை வரை 25 அங்குலம் இருந்தது. 28இல் 25 போனால் மூன்று அங்குலம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த 28 காலுக்கான இடம் அல்ல. ‘பிட்ச்’ என்று விமான நிறுவனங்கள் சொல்லும் அளவு, ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த வரிசை இருக்கையின் அதே புள்ளி வரை உள்ள தூரம். முன் இருக்கையின் முதுகுக் கனமும் அதற்குள் அடக்கம். மெல்லிய இருக்கையென்றாலும் இரண்டு அங்குலத்தையாவது அது எடுத்துக்கொள்ளும். ஆகவே சுவரிலிருந்து 26 அங்குலத்தில் ஓர் அட்டைப்பெட்டியை நிறுத்தினேன். பெட்டிக்கும் முழங்காலுக்கும் நடுவே என் கட்டைவிரல் நுழைந்தது, அவ்வளவுதான். சற்று நேரம் அப்படியே உட்கார்ந்திருந்த அப்பா, இடுப்பை முன்னே நகர்த்தப் பார்த்தார், முடியவில்லை. பிறகு தன்னையறியாமல் வலது காலைப் பெட்டியின் ஓரமாக வெளியே நீட்டினார்.

அந்தக் கால் நீண்ட திசையைப் பார்த்தபோதுதான், இதுவரை நான் ஒப்பிட்டுக்கொண்டிருந்த எதுவும் இந்தப் பயணத்துக்குத் தொடர்புடையதாகவே இல்லை என்பது புரிந்தது. அவருக்கு வேண்டியது நடைபாதையோர இருக்கை என்பது கூடப் பாதி விடைதான். வலப்பக்கம் நடைபாதை இருக்கும் இருக்கை வேண்டும். நடுவில் ஒரே நடைபாதையும் இருபுறமும் மும்மூன்று இருக்கைகளும் உள்ள விமானத்தில், முன்னோக்கி உட்கார்ந்தவரின் இடமிருந்து ஏ, பி, சி, பிறகு நடைபாதை, அதன் பின் டி, ஈ, எஃப். வலது காலை நீட்ட வேண்டியவருக்கு சி. இடது காலுக்கு டி. நடைபாதையில் காலை நீட்டிக்கொண்டே இருக்க முடியாது, தள்ளுவண்டி வரும்போது மடக்கத்தான் வேண்டும். ஆனால் தேவைப்படும்போது நீட்ட வழியிருப்பது வேறு, வழியே இல்லாதிருப்பது வேறு.

அதன் பிறகு பட்டியலை மறுபடி பார்த்தோம். முதல் வரியின் கட்டணத்தோடு ஒரு பெட்டிக்கான தொகையையும் சி இருக்கைக்கான தொகையையும் கூட்டினேன். 31 அங்குலம் இருந்த விமானம் நான்காவது வரியில் இருந்தது. அதில் பெட்டி ஏற்கெனவே அடங்கியிருந்தது, இருக்கைக்கு மட்டும் கூட்டினால் போதும். இரண்டுக்கும் இடையே இருந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி கரைந்துவிட்டது. முழுவதும் கரையவில்லை. எஞ்சிய தொகை அந்த மூன்று அங்குலத்தின் விலை என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் அட்டைப்பெட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு, சரி என்றார்.

அங்குலங்களைப் பற்றித் தெரிந்துகொண்ட மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிட்ச் ஒன்றாக இருந்தாலும் இருக்கைகள் ஒன்றல்ல. மெல்லிய முதுகு கொண்ட புதிய இருக்கைகளில் பத்திரிகைப் பையை முழங்காலுக்கு மேலே உயர்த்தி வைத்திருப்பதால், 30 அங்குலம் பழைய கனத்த இருக்கையின் 31 போல இருக்கும். ஆனால் பஞ்சு குறைவு, இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு அது தெரியும். பின்னால் சாயாத இருக்கைகளும் பெருகிவிட்டன. குறுகிய பயணத்தில் அது குறையல்ல, நன்மையே. முன்னால் இருப்பவர் நம் முகத்தின் மேல் சாயமாட்டார் அல்லவா. அகலம் என்பது பெரும்பாலும் விமானத்தின் வகையைப் பொறுத்தது. ஏர்பஸ் ஏ320 வகையின் உடற்கூடு போயிங் 737ஐவிட அகலம் என்பதால், வரிசைக்கு ஆறு பேர் என்பது இரண்டிலும் ஒன்றானாலும், முன்னதில் இருக்கை சுமார் 18 அங்குலமும் பின்னதில் சுமார் 17 அங்குலமும் வரும். பெரிய விமானங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். போயிங் 777இல் முன்பு வரிசைக்கு ஒன்பது பேர் என்பது பரவலாக இருந்தது. இன்று பல நிறுவனங்கள் பத்துப் பேரை அமர்த்துகின்றன. 787இல் எட்டுப் பேருக்கும் இடம் வைக்கலாம். ஏறக்குறைய எல்லோரும் ஒன்பது பேருக்கே வைத்திருக்கிறார்கள். அந்த ஒன்பதாவது ஆளின் இடம் மற்ற எட்டுப் பேரின் தோள்களிலிருந்து எடுக்கப்பட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 2018இல் இருக்கைக்குக் குறைந்தபட்ச அளவு வகுக்கும்படி விமானப் போக்குவரத்து ஆணையத்துக்கு உத்தரவிட்டது. ஆண்டுகள் பல கடந்தும் ஓர் எண் வரவில்லை. 90 நொடிகளில் அனைவரும் வெளியேற முடிகிறதா என்ற பாதுகாப்புச் சோதனை ஒன்றே இன்றும் மறைமுகமான எல்லையாக இருக்கிறது.

அவசர வழி வரிசையும், தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையும் ‘கூடுதல் கால் இடம்’ என்று நல்ல விலைக்கு விற்கப்படுகின்றன. அவசர வழி வரிசையில் கதவைத் திறக்க உதவும் உடல்வலு உள்ளவர்களையே உட்காரவிடுவார்கள். அப்பாவைப் போன்றவர்களுக்கு அது கிடையாது. தடுப்புச் சுவர் வரிசையில் மடக்கு மேசையைக் கைப்பிடிக்குள் வைத்திருப்பதால் கைப்பிடியை உயர்த்த முடியாது, இருக்கையும் சற்றுக் குறுகும். முன்னே இருக்கை இல்லாததால் பையைக் கீழே வைக்கவும் இடமில்லை. இவை இருக்கை வரைபடத்தில் தெரியாது. ஒரு நிறுவனத்தின் பெயரிலும் விமான எண்ணிலும் விற்கப்படும் விமானத்தை இன்னொரு நிறுவனம் இயக்குவதும் உண்டு. நாம் பெயரைப் பார்த்து ஒரு இருக்கையைக் கற்பனை செய்துகொள்வோம். உட்காரப்போவது வேறொருவரின் இருக்கையில். ‘இயக்குபவர்’ என்று சிறிய எழுத்தில் போட்டிருக்கும் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

இருக்கைத் தேர்வுக்கான கட்டணத்தில் ஒரு பகுதி எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. கூடுதல் இடமுள்ள இருக்கைக்கு விலை வைப்பது நியாயம். ஒரு பொருள் கைமாறுகிறது. ஆனால் ஒரே முன்பதிவில் வரும் தாயையும் குழந்தையையும் அருகருகே உட்காரவைக்க நிறுவனத்துக்கு ஆகும் செலவு என்ன? கணினி அவர்களைப் பிரிக்காமல் விட்டாலே போதும். பிரித்துவிடுவார்களோ என்ற அச்சத்தை உண்டாக்கி, அந்த அச்சத்தைப் போக்குவதற்கு விலை வைக்கிறார்கள். வயதானவரோடு போகும் மகளுக்கும், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டுதான் விமானத்தில் உட்கார முடியும் என்ற கணவருக்கும் இது பொருந்தும். நிறுவனங்களை ஒப்பிடும்போது, கட்டணத் தொகையைவிட இந்த நடத்தையை நான் கூர்ந்து பார்க்கிறேன். குழந்தையோடு வருபவர்களைக் காசு வாங்காமல் சேர்த்து உட்காரவைப்போம் என்று எழுத்தில் உறுதி தரும் நிறுவனங்கள் இருக்கின்றன. அவற்றின் கட்டணம் சற்றுக் கூடுதலாக இருந்தாலும் நான் அவற்றையே தேர்ந்தெடுப்பேன்.

சலுகை என்று சொல்லப்படுபவை

சலுகைகளில் பெரும்பாலானவற்றைச் சுருக்கமாகக் கடந்துவிடலாம். லவுஞ்ச் எனப்படும் விமான நிலையச் சிறப்பு ஓய்வறைக்கான அனுமதி, நீண்ட காத்திருப்பு உள்ள இணைப்புப் பயணத்தில் மட்டுமே பெறுமதியானது. முன்னதாக ஏறும் உரிமை என்பது, தலைக்கு மேலுள்ள பெட்டியில் பை வைக்க இடம் கிடைக்குமா என்ற கவலைக்கான மருந்து. அந்தக் கவலையும், பெட்டிக்குக் கட்டணம் வந்தபின் எல்லோரும் கைப்பையை ஊதவைத்ததால் வளர்ந்ததே. பையே இல்லாதவர் முன்னால் ஏறி எதைச் சாதிக்கப்போகிறார்?

பறக்கப் பறக்கப் புள்ளிகள் சேர்த்து, அவற்றைக் கொண்டு இலவச டிக்கெட் பெறும் மைல் கணக்கைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1981 மே மாதத்தில் தொடங்கிய திட்டத்தைப் பார்த்து மற்றவர்களும் தொடங்கியபோது, பறந்த தூரத்துக்கு மைல் என்ற கணக்கு நேர்மையாக இருந்தது. இன்று பல பெரிய நிறுவனங்களில் தூரத்துக்கு அல்ல, கொடுத்த பணத்துக்கே புள்ளிகள். அடிப்படைக் கட்டணத்தில் போகிறவருக்குச் சில இடங்களில் புள்ளியே கிடையாது. இலவச டிக்கெட்டுக்கு எத்தனை புள்ளி வேண்டும் என்ற பட்டியலையும் பல நிறுவனங்கள் எடுத்துவிட்டு, அன்றன்றைய விலைக்கேற்ப மாற்றிக்கொள்கின்றன. இரண்டு விமானங்களுக்கிடையே தேர்ந்தெடுக்கும்போது, அடிக்கடி பறக்காதவர் புள்ளிகளைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வேலை நிமித்தம் விமான நிறுவனங்களின் ஒரே கூட்டணியில் ஓயாமல் பறப்பவருக்கு மட்டும் கணக்கு மாறும். கூட்டணியின் உயர்நிலை அட்டை இருந்தால் கூடுதல் பெட்டியும் லவுஞ்சும் அதிலேயே வந்துவிடும், அவருக்கு அந்த முதல் வரியின் விலையே வேறாகிவிடும்.

உண்மையான சலுகை என்று நான் மதிப்பது, திட்டம் மாறினால் தப்பிக்கும் வழி. தேதி மாற்றம், ரத்துத் தொகை, இணைப்பு விமானம் தவறினால் யார் பொறுப்பு என்பவை. ஒரே டிக்கெட்டில் இரண்டு விமானங்கள் இருந்து, முதலாவதன் தாமதத்தால் இரண்டாவது தவறினால், அடுத்த விமானத்தில் ஏற்றுவது நிறுவனத்தின் கடமை. மலிவாகக் கிடைக்கிறதென்று தனித்தனியே இரண்டு டிக்கெட் எடுத்தால் அந்தப் பொறுப்பு நம்முடையது. பெட்டியையும் நாமே எடுத்து மீண்டும் கொடுக்க வேண்டும். பட்டியலின் முதல் வரியில் இப்படித் தைத்து ஒட்டிய பயணங்கள் அடிக்கடி வந்து உட்கார்ந்திருக்கும்.

அதே வேளையில், கூடுதல் கட்டணம் கட்டி வாங்க வேண்டியதில்லாத உரிமைகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு 261ஆம் விதி, ரத்துக்கும் நீண்ட தாமதத்துக்கும் தூரத்தைப் பொறுத்து 250, 400, 600 யூரோ என்று இழப்பீடு வகுத்திருக்கிறது. அந்தத் தொகை டிக்கெட்டின் விலையைப் பொறுத்தது அல்ல. மிக மலிவான டிக்கெட் வைத்திருப்பவருக்கும் அதே தொகைதான். அமெரிக்காவில், பயணத்துக்கு ஏழு நாட்களுக்கு முன்னதாக நிறுவனத்திடம் நேரடியாக எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். அல்லது பணம் கட்டாமலேயே 24 மணி நேரம் விலையைப் பிடித்துவைக்க நிறுவனம் அனுமதிக்க வேண்டும். 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சர்வதேசப் பயணத்தில் தொலைந்த பெட்டிக்கான பொறுப்பு எல்லா வகுப்புக்கும் ஒன்றே. ‘மன அமைதித் தொகுப்பு’ போன்ற பெயர்களில் விற்கப்படுவதை வாங்கும் முன், அதில் எது சட்டப்படி ஏற்கெனவே நம்முடையது என்று பார்க்க வேண்டும். நமக்கு உரியதையே நமக்கு விற்பது பல நேரங்களில் நடக்கிறது.

பட்டியல் எப்படி இருக்க வேண்டும்

இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் ஒருவர் டிக்கெட் எடுக்க வேண்டும் என்பது நியாயமே அல்ல என்பதுதான் என் ஆதங்கம். தகவல் இல்லாமல் இல்லை. கூகுள் ஃபிளைட்ஸ் போன்ற தேடுதளங்களில் விமானத்தின் விவரத்தை விரித்தால் கால் இடம் அங்குலத்தில் தெரிகிறது. பையைச் சேர்த்துக் கணக்கிடும் வசதியும் உண்டு. ஆனால் அவை விரித்தால்தான் தெரியும், தேடிப்போய்ச் சொடுக்கினால்தான் சேரும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024இல், பெட்டிக்கும் தேதி மாற்றத்துக்கும் ஆகும் கட்டணத்தை டிக்கெட் விலையோடு தொடக்கத்திலேயே காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. விமான நிறுவனங்கள் நீதிமன்றத்துக்குப் போயின. விதி நடைமுறைக்கு வருமுன்னே நிறுத்திவைக்கப்பட்டது. இத்தனை தகவல்களைக் கொட்டினால் பயணி குழம்பிவிடுவார் என்பது அவர்கள் தரப்பு வாதங்களில் ஒன்று. கட்டணங்களை இத்தனை துண்டுகளாக உடைத்தவர்கள் அந்த வாதத்தை முன்வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கேட்பது பெரிய மாற்றம் அல்ல. எத்தனை பேர், எத்தனை பெட்டி, சேர்ந்து உட்கார வேண்டுமா, தேதி மாறக்கூடுமா என்ற நான்கு கேள்விகளைத் தேடுவதற்கு முன்பே கேட்டு, பதில்களுக்கான தொகையையெல்லாம் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையின்படி பட்டியலை அடுக்கட்டும். ஒவ்வொரு வரியிலும் புறப்படும் நேரத்துக்குப் பக்கத்தில் பிட்ச் எத்தனை அங்குலம், அகலம் எத்தனை அங்குலம் என்று இரண்டு எண்கள் இருக்கட்டும். 1984இல் வரிசை முறைக்கு விதி வகுக்க முடிந்தபோது, இன்று அந்த வரிசையில் எதை எண்ணுவது என்பதற்கும் விதி வகுக்க முடியும். அது வரும்வரை, வீட்டில் யாராவது ‘எது குறைச்சல்’ என்று கேட்டால், அந்த நான்கு கேள்விகளையும் நான்தான் திருப்பிக் கேட்கிறேன். கால்வலி, முதுகுவலி உண்டா என்று ஐந்தாவதாக ஒன்றையும் சேர்த்துக் கேட்டுவிட்டுத்தான் பட்டியலைத் திறக்கிறேன்.